கணவரும் பார்த்ததாகச் சொல்கிறார்

கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த அந்த இடத்தில் அவரை எல்லோரும் மேலவர் என்றே கூப்பிட்டார்கள். டவர் கிரேன் ஓட்டுகிறவர். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, இரும்புக் கோபுரத்தின் வயிற்றுக்குள் செங்குத்தாக நிற்கும் ஏணியில் மூச்சு வாங்க ஏறி, உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தாரென்றால், மதியச் சாப்பாடும் அங்கேயேதான். கீழே கலவை வண்டி வரவில்லை, கம்பி போதவில்லை என்று யாராவது அங்கலாய்த்தால், "மேல இருக்கிறவர் பாத்துக்குவார்" என்று பதில் வரும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதலில் இதைப் பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள். பிறகு அண்ணாந்து பார்த்தால், கூண்டுக்குள் ஒருவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருப்பார்.

மேலவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் அளந்து பேசுவார். பாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வேலை செய்கிறவர் குத்துமதிப்பாகப் பேசினால் கீழே ஒருவருடைய மண்டை போய்விடும் அல்லவா, அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் மனைவி ஒருமுறை முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டார். மேலவர் எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி வந்து, நன்றாகப் பார்த்துவிட்டு, "இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றார். அதற்கு அப்புறம் அந்த அம்மாள் அவரிடம் எதையும் 'எப்படி இருக்கு' என்று கேட்பதில்லை.

மனைவிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்தார். நாற்காலியில் நடுங்கிக்கொண்டு சாய்ந்திருப்பவர்களின் தோளில் கையை வைத்து, "வலிக்காது, வலிக்கவே வலிக்காது" என்று சொல்வதுதான் அவர் வேலையில் முக்கால் பங்கு. வலித்தது. எல்லோருக்கும் வலித்தது. ஆனாலும் அவர் சொன்ன விதத்தில் அடுத்த தடவையும் நம்பினார்கள். சிகிச்சைக்கு வந்த குழந்தைகள் அவருக்கு வலிக்காதம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள், அது பெரியவர்களிடமும் ஒட்டிக்கொண்டது.

ஆக, ஒருவர் உள்ளதைத் தவிர வேறு சொல்லத் தெரியாதவர். இன்னொருவர் இல்லாததைச் சொல்லி ஊரை ஆற்றுகிறவர். இந்த இரண்டு பேருக்கும் கல்யாணம் நடந்து, அது நன்றாகவும் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பறக்கும் சமாச்சாரம் வரும்வரை.

அன்றைக்கு மதியச் சாப்பாடு முடிந்து, கொக்கியில் ஒரு கம்பிக் கட்டு ஏறியிருந்தது. அதை மேல் தளத்தில் இறக்க வேண்டும். தளத்தில் கம்பி கட்டுகிறவர்கள் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். கீழே நின்ற சிக்னல்காரர் வாக்கி டாக்கியில், "இறக்குங்க, இறக்குங்க, மெதுவா, மெதுவா" என்று தாலாட்டிக்கொண்டிருந்தார். கட்டு பாதி வழியில் இருக்கும்போது, கிரேனின் நீண்ட கைக்கு அந்தப் பக்கம், கூண்டின் உயரத்துக்கே, ஒன்று பறந்து வந்தது.

மேலவருக்குப் பறவைகள் புதிதில்லை. பருந்தும் காகமும் புறாவும் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. எது எப்போது வரும், எது எதோடு சண்டை போடும் என்பதெல்லாம் அத்துப்படி. வந்தது அந்தத் தெருவைச் சேர்ந்தது இல்லை. சாம்பல் நிறம். இறகு என்று எதுவும் கண்ணில் படவில்லை, குடைத்துணியை இழுத்துக் கட்டிய மாதிரி இறக்கை. நீளமான மூக்கு. பின்னால் ஒரு வால், அதன் நுனியில் இலை போல ஏதோ. அவசரமே இல்லாமல் ஆறேழு முறை இறக்கையை அடித்தது. ஆற்றுப் பக்கமாகத் திரும்பிப் போய்விட்டது.

மேலவரின் கை தானாகவே நெம்புகோலை நிறுத்தியிருந்தது. கம்பிக் கட்டு அந்தரத்தில் நின்றது. தளத்தில் இருந்தவர்கள் நீட்டிய கையை மடக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் சிக்னல்காரர்.

"இங்க ஒண்ணு பறந்து போச்சு."

"கொக்கா?"

"கொக்கி நல்லாத்தான் இருக்கு."

"கொக்கி இல்லைங்க. கொக்கு. கொக்கான்னு கேட்டேன்."

"கொக்கு இல்லை. பிள்ளைங்க புத்தகத்துல போட்டிருப்பாங்களே, டைனோசர் காலத்துல பறந்துச்சுன்னு. அது."

சிறிது நேரம் வாக்கி டாக்கியில் இரைச்சல் மட்டும் கேட்டது. அந்த அலைவரிசையில் சிக்னல்காரர் மட்டும் இல்லை. பொறியாளர், சாமான் அறைக்காரர், கலவைக்காரர் என்று எல்லோருடைய இடுப்பிலும் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் வாசல் காவலாளியின் குரல் வந்தது. "சார், அதுக்கு கேட் பாஸ் இருக்கான்னு பாக்கணுமா?"

அதோடு போயிற்று. மாலையில் அவர் இறங்கி வருவதற்குள் ஏணியின் அடியில் யாரோ சுண்ணாம்புக்கட்டியால் வௌவால் ஒன்றை வரைந்து, அதன் தலையில் ஹெல்மெட்டையும் மாட்டியிருந்தார்கள். மேலவர் அதை நின்று பார்த்தார். "வாலை விட்டுட்டீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. ஆனால் சிரித்தார்கள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது, வலிக்காதம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"வெயில் தலைக்கு ஏறியிருக்கும். தொப்பி போட்டுக்கங்கன்னு சொன்னா கேக்கறீங்களா?"

"கூண்டுக்குள்ள வெயில் வராது."

"அப்போ கழுகா இருக்கும். போர்வையோட அந்த முனையைப் பிடிங்க."

மேலவர் முனையைப் பிடித்தார். அதற்குமேல் அந்தப் பேச்சு வளரவில்லை. எங்கோ பறந்துபோன ஒன்றைவிட இன்னும் மடிக்காத போர்வை பெரிய பிரச்சினைதான், அவருக்கும் அது புரிந்தது. இருந்தாலும் படுக்கும்போது மனசு கொஞ்சம் சுருங்கித்தான் கிடந்தது.

மறுநாள் பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டனுப்பினார். அலுவலக அறைக்குள்ளேயும் ஹெல்மெட்டைக் கழற்றாத மனிதர். "உங்க மேல எனக்கு சந்தேகம் இல்லை. உங்க கண்ணு மேலதான்," என்றார். கண் பரிசோதனை முடித்துச் சான்று கொண்டுவந்தால்தான் ஏணியில் காலை வைக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

இப்படித்தான் மேலவர் கடைத்தெருக் கோடியில் இருந்த கண்ணாடிக் கடைக்குப் போனார். கடைக்காரரே கண்ணும் பார்ப்பவர். மெலிந்த ஆள், மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி, கழுத்துக் கயிற்றில் ஒரு கண்ணாடி. சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். மேலவர் கடைசி வரிசை வரை படித்தார். அதோடு நிறுத்தாமல், அட்டையின் அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தார்.

"அது என் கண்ணுக்கே தெரியாது," என்றார் கடைக்காரர். "இந்தக் கண்ணுக்கு எதுக்குங்க பரிசோதனை?"

மேலவர் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர் எழுந்து போய், கதவில் தொங்கிய பலகையைத் திருப்பி 'மூடியிருக்கிறது' என்று வைத்துவிட்டு வந்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"வால் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நுனியில?"

"இலை மாதிரி."

கடைக்காரர் மூன்று கண்ணாடிகளில் ஒன்றைக் கழற்றித் துடைத்தார். "அது பறவை இல்லைங்க. டைனோசரும் இல்லை. பறக்கிற ஊர்வன. அழிஞ்சுபோச்சுன்னு எழுதி வெச்சிருக்காங்க. அழிஞ்சுபோனதை எத்தனை பேர் பாத்திருக்காங்க தெரியுமா? எங்களுக்கு ஒரு சங்கமே இருக்கு."

சங்கம் கடையின் பின்னறையில்தான் இருந்தது. பறக்கும் ஊர்வன தேடுவோர் சங்கம். ஓய்வுபெற்ற ரயில் கார்டு, பாட்டு வாத்தியார் ஒருவர், பேக்கரி நடத்தும் அக்காவும் தங்கையும், இப்படிக் கொஞ்சம் பேர். எங்கெங்கோ தீவுகளில், காடுகளில், நெடுஞ்சாலைகளில் அந்த ஜந்துவைப் பார்த்ததாகச் சொன்ன ஆட்களின் கதைகளைச் சேகரித்து, சுவர் முழுக்கப் படமாக ஒட்டி வைத்திருந்தார்கள். சங்கத்தில் யாரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. தலைவரான கண்ணாடிக் கடைக்காரர் இளவயதிலிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. அதனால் ஒரு சாட்சி உயிரோடு, அதுவும் நல்ல கண்ணோடு, தன் கடைக்குள் நடந்து வந்ததும் அந்த மனிதர் உருகிப்போய்விட்டார்.

உருகியவர் மறுவாரமே ஏமாந்தார். மேலவரைச் சங்கத்தில் பேசச் சொன்னார்கள். ஊற்றிய டீயில் ஆவி அடங்குவதற்குள் மேலவர் பேசி முடித்துவிட்டார்.

"அவ்வளவுதானா?" என்றார் ரயில் கார்டு.

"அவ்வளவுதான்."

"கண்ணு சிவப்பா இருந்திருக்குமே?" என்றார் பேக்கரி அக்கா.

"கண்ணு தெரியலைங்க."

"கத்துச்சா?" என்றார் பாட்டு வாத்தியார். அவருக்கு அதன் சுருதி தெரிய வேண்டும்.

"கூண்டுல மின்விசிறி ஓடிட்டிருந்துச்சு. கேக்கலை."

தலைவர் கெஞ்சுகிற குரலில், "இறக்கையை விரிச்சா ஒரு லாரி அளவு இருந்திருக்கும், இல்லையா?" என்றார்.

"வேன் அளவு. சின்ன வேன்."

"லாரின்னு வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்கக் கூடாதுங்க."

சான்று வாங்கிக்கொண்டு மேலவர் மறுபடி ஏணி ஏறினார். சுண்ணாம்பு வௌவால் மழையில் அழிந்தது. விஷயம் அப்படியே ஆறிப்போயிருக்கும். அவருடைய அண்ணன் என்று ஒருவர் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்.

அண்ணன் காப்பீட்டு நிறுவனத்தில் பெரிய வேலையில் இருந்தவர். மற்றவர்களுக்கு வரக்கூடிய ஆபத்துகளைச் சொல்லிச் சொல்லியே பிழைத்ததால், பேச்சில் ஒரு முள் எப்போதும் இருக்கும். தம்பி கதை காதுக்கு எட்டியதிலிருந்து தொலைபேசியை எடுத்ததும் வணக்கத்துக்குப் பதில் இறக்கை அடிக்கிற சத்தம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். போனால், அங்கே அண்ணனின் அலுவலக நண்பர்களும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். தம்பியைக் காட்சிக்கு வைக்கவே கூப்பிட்டிருக்கிறார் என்பது மேலவருக்கு உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது.

"சொல்லுடா, சொல்லு. எப்படிப் பறந்துச்சுன்னு சொல்லு," என்றார் அண்ணன். தம்பி வாயைத் திறப்பதற்குள் அவரே இரண்டு கையையும் விரித்து மேசையைச் சுற்றி ஓர் ஓட்டம் ஓடிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். மேலவரும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்து வைத்தார். அண்ணனுக்கு அது போதவில்லை.

"எனக்கு என்ன கவலைன்னா," என்று நண்பர்கள் பக்கம் திரும்பினார், "மண்டையில இப்படி ஒரு கோளாறை வெச்சுக்கிட்டு, இவன் தினம் ஊர்த் தலைக்கு மேல டன் கணக்குல இரும்பைத் தூக்கிட்டு நிக்கிறான். என்கிட்ட கேட்டா, இவனுக்கு காப்பீடே குடுக்கமாட்டேன்."

இதற்கும் சிரிப்பு வந்தது, முன்னதைவிடச் சன்னமாக. மேலவர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காது மடல் மட்டும் சிவந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வலிக்காதம்மா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மாமா, நானும் பாத்தேன்," என்றார்.

மேலவரின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"நீயா?" என்றார் அண்ணன்.

"நான்தான். கிளினிக் மொட்டை மாடியில துண்டு காயப்போட்டிருந்தோம். எடுக்கப் போனேன். தலைக்கு மேல இருட்டு கட்டின மாதிரி இருந்துச்சு. மேகம்னு நெனச்சு நிமிர்ந்தேன்." இங்கே ஒரு நொடி நிறுத்தினார். நாற்காலியில் சாய்ந்திருப்பவரிடம் ஊசியை எடுப்பதற்கு முன்னால் நிறுத்துவாரே, அந்த நிறுத்தம். "மேகத்துக்குப் பல்லு இருக்காதே மாமா."

அண்ணன் நண்பரின் மனைவி ஒருத்தர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் விரித்த கையை எப்போது மடக்கினார் என்று யாரும் கவனிக்கவில்லை.

திரும்பி வரும்போது பேருந்தில் மேலவர், "நீ எப்போ பாத்தே?" என்றார்.

"அன்னைக்குத்தான்."

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து நான் சொன்னப்போ கழுகுன்னு சொன்னியே."

"அப்போ எனக்கே நம்பிக்கை வரலை."

"வால் இருந்துச்சா?"

"இருந்துச்சே. நுனியில இலை மாதிரி."

"நான் உங்கிட்ட வாலைப் பத்திப் பேசவே இல்லையே."

"பாத்தீங்களா? அப்போ நானா பாத்ததுதானே?" என்று சொல்லிவிட்டு, வலிக்காதம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேலவருக்கு ஒன்றும் ஓடவில்லை. வாலைப் பற்றிய செய்தி கண்ணாடிக் கடை வழியாகக் கடைத்தெரு முழுக்கப் பரவியிருந்தது அவருக்குத் தெரியாததில்லை. அவள் பார்க்கவில்லை என்பது அவருக்கு நிச்சயம். தனக்காகச் சொல்லியிருக்கிறாள் என்பதும் நிச்சயம். தனக்காகச் சொன்ன ஒன்றைத் தவறு என்று எப்படிச் சொல்வது? அவருக்குத் தெரிந்த நெம்புகோல்களில் இதற்கென்று ஒன்று இல்லை.

அண்ணன் வாய் சும்மா இருக்குமா. இரண்டாவது சாட்சி இருக்கிற சேதி கண்ணாடிக் கடையை எட்டியது. சங்கம் மொத்தமும் வீட்டுக்கு வந்து கூடத்தில் இடம் பிடித்துக்கொண்டது. வலிக்காதம்மா முதலில் மழுப்பப் பார்த்தார். ஆனால் எதிரே அத்தனை முகங்கள் ஆவலாக, கொஞ்சம் பயந்து, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தன. அவர் தொழில் வாழ்க்கை முழுவதும் பார்த்த முகங்கள். அவரால் அவர்களை வெறுங்கையோடு அனுப்ப முடியவில்லை.

அது மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேல் தாழ்ந்து வந்ததாம். கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்ததாம். ஈர மரத்தின் வாசனை அடித்ததாம். இறக்கை சத்தம் பெரிய குடையைப் பட்டென்று விரிப்பது போல இருந்ததாம். பாட்டு வாத்தியார் உடனே, "கீழ் ஸ்தாயியா?" என்றார். "கீழ்தான்," என்றார் வலிக்காதம்மா. ரயில் கார்டு படம் வரைந்தார். வால் தாளை விட்டு வெளியே போயிற்று.

மூலையில் டீத் தட்டோடு நின்ற மேலவரால் பொறுக்கமுடியவில்லை. "வால் அவ்வளவு நீளம் இல்லைங்க," என்றார்.

தலைவர் பரிவோடு திரும்பிப் பார்த்தார். "சார், நீங்க தூரத்துல இருந்து பாத்தீங்க. அம்மா பக்கத்துல பாத்திருக்காங்க."

மேலவர் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

அந்த வாரத்துக்குப் பிறகு பல் மருத்துவமனையில் கூட்டம் கூடியது. பல்லுக்கு ஒன்றும் ஆகாதவர்களும் முன்பதிவு செய்தார்கள். வலிக்காதம்மா கதையை ஆரம்பித்தால் நோயாளிகளிடம் வாயைத் திறங்கள் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று மருத்துவர் மகிழ்ந்துபோனார். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று படத்தோடு செய்தி போட்டது. மாடியில், கையில் துண்டோடு, வானத்தைப் பார்த்தபடி வலிக்காதம்மா. "பல் மருத்துவமனை ஊழியர் கண்ட பறக்கும் ஊர்வன" என்று தலைப்பு. நாலு பத்தி அவருடைய கதை. கடைசி வரி: "இவருடைய கணவரும் பார்த்ததாகச் சொல்கிறார்."

மேலவர் அந்தப் பத்திரிகையைக் கூண்டுக்குள் எடுத்துப் போயிருந்தார். சாப்பாட்டு வேளையில் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். 'சொல்கிறார்' என்பதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். அந்த 'கணவரும்' என்பதில் கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்த 'உம்'தான் தொண்டையில் நின்றது. ஊரில் ஒரே ஒருவர் அதைப் பார்த்தார். அந்த ஒருவர் இப்போது 'உம்' ஆகிவிட்டார். சிக்னல்காரர் வேறு, "அம்மாவுக்கு வாழ்த்து சொல்லிடுங்க. நீங்களும் பாத்தீங்களாமே?" என்று வாக்கி டாக்கியில் கேட்டார்.

அன்று மாலை மேலவர் வீட்டில் சண்டை போட்டார். அவர் சண்டை போடுவது என்றால், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பேசுவது.

"நீ பாக்கலை," என்றார்.

"உங்களை எல்லாரும் கேலி பண்ணாங்க. இப்போ பண்றாங்களா?"

"இல்லை."

"அப்புறம் என்ன?"

"இப்போ யாரும் என்னைக் கேக்கறதே இல்லை."

வலிக்காதம்மா தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நூலகத்தின் மேல்மாடி அறையில் நடந்தது. முந்தைய வருஷங்களில் நாற்காலிகளைவிட ஆட்கள் குறைவாக இருப்பார்கள். இந்தத் தடவை சுவரோரமாகவும் நின்றார்கள். அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம், "பேசப்போறது என் தம்பி மனைவிதான்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேலவருக்குப் பின்வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. நியாயமாக இருக்க வேண்டும் என்று தலைவர் மறுதரப்பிலிருந்தும் ஒருவரைக் கூப்பிட்டிருந்தார். பல்கலைக்கழகத்தில் பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண்மணி. அமைதியானவர், யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை, எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்டார்.

வலிக்காதம்மா மேடையில் கதையைச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். பேக்கரி தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் அடங்கியதும் ஆராய்ச்சிப் பெண்மணி எழுந்து, மிகவும் மென்மையாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அன்னைக்கு நல்ல வெயில். அது உங்க தலைக்கு மேல தாழ்வா வந்துச்சுன்னு சொன்னீங்க. அதோட நிழல் எந்தப் பக்கம் போச்சு?"

சுலபமான கேள்வி. வாய்க்கு வந்த திசையைச் சொல்லியிருக்கலாம். அதைவிடக் கஷ்டமானதையெல்லாம் வலிக்காதம்மா அனாயாசமாகச் சொல்லியிருக்கிறார். அவர் கண் கூட்டத்தின் மேலாகப் போய்த் தூணுக்குப் பக்கத்தில் நின்றது.

அங்கே மேலவர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். அவருக்கே அது தெரியவில்லை. ஆற்றுப் பக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டால் போதும் என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் பார்க்கவில்லை என்பது சூரியன் போலத் தெரிந்திருந்தும், ஒருவேளை, ஒரே ஒரு வேளை, துண்டை எடுக்கும்போது சட்டென்று நிமிர்ந்திருக்கக் கூடாதா என்று ஒரு நப்பாசை. பார்த்தது இரண்டு பேர் என்று ஆகிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

வலிக்காதம்மா அந்த முகத்தைப் பார்த்தார். ஒலிவாங்கியைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"தெரியலைங்க," என்றார். "நான் பாக்கலை. அன்னைக்கு நான் துண்டை மட்டும்தான் பாத்தேன். வானத்தைப் பாக்கலை. பாத்தது அவர். அந்தத் தூண் பக்கத்துல உக்காந்திருக்காரே, அவர்தான். அவருக்குக் கூட்டிச் சொல்லவே வராது. அவர் பாத்தேன்னு சொன்னா பாத்தார்."

முன்வரிசையில் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணாடிக் கடைக்காரர் மேடைக்கு ஓடினார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் அந்த வெளுப்பு ஏமாற்றத்தால் வந்தது இல்லை என்பது அவர் பேசியதும் தெரிந்தது.

"அன்பர்களே, இது எல்லா ஊர்லயும் நடக்கிறதுதான். சாட்சிகளை மிரட்டுவாங்க. யார் மிரட்டினாங்கன்னு நான் சொல்லப்போறதில்லை. அம்மா பயப்படறாங்க. அவங்க கண்ணுல இருக்கிற பயத்தைப் பாருங்க. பாக்காதவங்களுக்கு இந்தப் பயம் வருமா?"

"ஐயா, நான் பயப்படலை. நான் நிஜமாவே பாக்கலை," என்றார் வலிக்காதம்மா.

"பாவம், இப்படித்தான் சொல்ல வெச்சிருக்காங்க," என்று பேக்கரி அக்கா எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். முன்னதைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். ரயில் கார்டு, சாட்சிக்குச் சங்கம் துணை நிற்கும் என்று கோஷம் போட்டார். வாழ்நாள் முழுக்கப் பொய்யை நம்பவைத்தவருக்கு, ஒரு தடவை உண்மையைச் சொல்லி அதை ஒருவரிடம்கூட விற்க முடியவில்லை. அவர் மேடையில் நின்று விழித்தார். அண்ணன் சூழ்நிலையை மோந்து பார்த்துவிட்டு எழுந்து நின்று எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினார்.

அந்த அமளியில் ஆராய்ச்சிப் பெண்மணி தூணுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீங்க பாத்ததைச் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

மேலவர் சொன்னார். அந்தப் பெண்மணி குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். சாம்பல் நாரை ஒன்று, கழுத்தை மடக்கிக்கொண்டு, காலைப் பின்னால் நீட்டிப் பறக்கிறது. பாதம் இரண்டும் சேர்ந்து நுனியில் இலை மாதிரி.

மேலவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "இதுவாவும் இருக்கலாம்," என்றார்.

"அளவு?"

"வேன் மாதிரி தெரிஞ்சுது. ஆனா கிரேன் கைக்கு அந்தப் பக்கம் பறந்துச்சு. எவ்வளவு அந்தப் பக்கம்னு கேட்டா, சொல்ல முடியலைங்க."

"வானத்துல அளவு யாருக்கும் தப்பத்தான் செய்யும். எனக்கும்தான்."

"நாரைதான்னு நீங்க சொல்றீங்களா?"

"நான் அங்க இல்லையே. நாரையா இருக்க வாய்ப்பு அதிகம்னு மட்டும் சொல்றேன்."

"அது நியாயம்," என்றார் மேலவர். "நான் பாத்தப்போ நாரைன்னு தோணலை. அதை மட்டும் எழுதிக்கங்க."

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் திருப்தியோடு தலையை ஆட்டிக்கொண்டார்கள். அந்த அறையிலேயே ஒத்துப்போனவர்கள் அவர்கள் இருவர்தான்.

திரும்பும் பேருந்தில் கூட்டம் இல்லை. பொழுது இன்னும் சாயவில்லை. வலிக்காதம்மாவின் மடியில் சங்கம் கொடுத்த பெரிய பூங்கொத்து. அதைப் பிடித்துக்கொண்டு அவர் கணவர் பக்கம் திரும்பினார்.

"ஏங்க," என்றார். "நான் உங்ககிட்ட கேக்கவே இல்லை. அது எப்படி இருந்துச்சு?"

மேலவர் யோசித்தார். "சாம்பல் நிறம். மூக்கு நீளம். ஆறேழு தடவை இறக்கையை அடிச்சுது. போயிடுச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

வலிக்காதம்மா சிரிக்க ஆரம்பித்தார். பூங்கொத்து குலுங்கியது. "இதை நீங்க மேடையில சொல்லியிருந்தா பாதி பேர் தூங்கியிருப்பாங்க."

"சங்கத்துல சொன்னேன். தூங்கறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

மறுபடியும் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும், "அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு? அதைச் சொல்லுங்க," என்றார்.

இதற்கு அளவுகோல் எதுவும் மேலவரிடம் இல்லை. கையை முட்டியில் தேய்த்துக்கொண்டார். ஒரு நிறுத்தம் வந்து போயிற்று.

"உன்னைக் கூப்பிடணும்னு தோணுச்சு," என்றார். "சட்டுன்னு திரும்பி, 'இங்க வா, இதைப் பாரு'ன்னு சொல்ல வாயெடுத்துட்டேன். கையில வாக்கி டாக்கி இருந்துச்சு. அந்தப் பக்கம் சிக்னல்காரர்தான் இருந்தார். அதனால அவர்கிட்ட சொன்னேன்."

வலிக்காதம்மா பூங்கொத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். இறங்க வேண்டிய நிறுத்தத்தை இருவருமே கவனிக்கவில்லை. அதற்கடுத்த நிறுத்தமும் போன பிறகுதான் எழுந்தார்கள். இறங்கிய இடத்திலிருந்து, வீடுகளுக்கு மேலே, அந்தக் கிரேன் சின்னதாகத் தெரிந்தது.

"எங்க இருந்து வந்துச்சு? காட்டுங்க."

மேலவர் அவர் தோளைப் பிடித்துச் சரியான பக்கம் திருப்பி நிறுத்தினார். கையை நீட்டி, "கிரேன் கையோட நுனி தெரியுதா? அதுக்குப் பின்னால. இப்படியே வந்து, இங்க திரும்பி, ஆத்துப் பக்கம்," என்று காட்டினார். காட்டும்போதும் அவசரப்படவில்லை. வலிக்காதம்மா அந்த விரல் போன வழியெல்லாம் கண்ணைக் கொண்டுபோனார். திருப்பத்தில் இன்னொரு முறை காட்டச் சொன்னார். காட்டினார்.

இருவரும் நடைபாதையில் அண்ணாந்து நிற்பதைப் பார்த்து, காய்கறிப் பையோடு வந்த ஒருவரும் நின்றார். அவரும் அண்ணாந்தார்.

"என்னங்க அங்க?" என்றார்.

வலிக்காதம்மா வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு கணவரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க."

"இப்போ ஒண்ணும் இல்லைங்க," என்றார் மேலவர்.

அந்த ஆள் தலையை ஆட்டினார். ஆனால் பையைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.